ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்த எண்கள்

கொன்சொலாசியோன், பினார் தெல் ரியோ
நவம்பர் 11, 1992

எவேலியோ,

உன் முதல் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. இருபத்தாறு நாள். கியூபாவிலிருந்து மூன்று மணி நேரத்தில் பறந்து போன மனிதன் எழுதியது திரும்பி வர ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் நான் இரண்டு சுற்று முடித்துவிட்டேன். தாள்கள் இதோடு இருக்கின்றன, தொலைத்துவிடாதே.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன ஒழுங்கில்தான் எல்லாம் நடக்கிறது. காலையில் நம் பசு கனேலாவுக்குத் தீனி வைப்பதற்கு முன்பே அவள் விலாவில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து, தோள் வரை கையை விட்டு, இரைப்பைச் சாற்றை எடுத்துப் பிளாஸ்கில் ஊற்றுகிறேன். நம் வீட்டுக் காபி பிளாஸ்க்தான். காபி இல்லாத வீட்டில் அதற்கு வேறு என்ன வேலை இருக்கிறது? வடிகட்டி, பொடித்த தீவனம் போட்ட கண்ணாடி சிரிஞ்சுகளில் ஏற்றி, முப்பத்தொன்பது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துகிறேன். சவுண்டல் இலைக்குச் சிவப்பு நாடா, கரும்புச் சோகைக்குப் பச்சை நாடா. மாட்டின் வயிற்றில் நடப்பது அங்கேயும் நடந்து, வாயு வந்து தண்டைத் தள்ளுகிறது. மூன்றாம் மணி, ஆறாம் மணி, பன்னிரண்டு, இருபத்துநாலு என்று தொண்ணூற்றாறு வரை போய்க் குனிந்து, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். மின்சாரம் போன நேரமும் வந்த நேரமும் ஓரத்தில் இருக்கின்றன. போனால் கரி அடுப்பில் தண்ணீர் காய்ச்சித் தொட்டியில் ஊற்றுகிறேன்.

டாக்டர் அரிஸ்தீதெஸ் நேற்று தன் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து ஆய்வகத்துக்குள் வந்து, "நெரெய்தா, ஒண்ணு விட்டு ஒண்ணு பார்த்தா போதாதா? பாதி நேரம் கரண்டே இல்லையே" என்றார். "கரண்டு இல்லாட்டி என்ன டாக்டர், எனக்குக் கண்ணு இருக்குல்ல" என்றேன். பதினோரு வருடமாக இந்தக் கோடுகளைப் பார்க்கிறேன். அரை மில்லிலிட்டர் தப்பாகச் சொன்னேன் என்று ஒருவர் சொல்லட்டும்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் சர்க்கரைத் தண்ணீர், மதியம் ஆய்வகத்தில் சோறு, சில நாள் மேலே கொஞ்சம் முட்டைக்கோஸ். ராத்திரிக்கும் சர்க்கரைத் தண்ணீர்தான். கனேலா என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள். இந்தப் பக்கம் குறையில்லாமல் கிடைப்பது சிகரெட் ஒன்றுதான், எனவே அதைக் குறைக்கவில்லை. திட்டாதே.

கிழவா, ஒழுங்காகத் தூங்கு.

நெரெய்தா


தெக்ஸ்கோகோ, மெக்சிகோ
டிசம்பர் 19, 1992

அன்பே,

உன் இரண்டு சுற்றையும் கணினியில் ஏற்றிவிட்டேன். எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. பக்கத்து மேசைக்காரன் ஒரு மாதிரி பார்ப்பான் என்று உட்கார்ந்திருந்தேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். "எனக்கென்ன, நான் சிரிஞ்சு பார்க்கிறவள்" என்று சொல்லாமல் படி. உன் எண்களைப் புள்ளிகளாக வைத்து அவற்றின் நடுவே ஒரு கோடு வளைக்கிறேன். அந்தக் கோடு மூன்று விஷயம் சொல்கிறது: நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்காமல் எத்தனை மணி நேரம் சும்மா இருந்தன, தொடங்கிய பிறகு எவ்வளவு வேகம், கடைசியில் மொத்தம் எவ்வளவு வாயு. இந்த மூன்றும் தெரிந்தால் அந்த இலை மாட்டுக்கு எவ்வளவு செரிக்கும் என்று, மாட்டுக்குக் கொடுக்காமலே சொல்லிவிடலாம். சோவியத்திலிருந்து வந்த தீவனக் கப்பல்கள் நின்றுபோன நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சவுண்டல் தேறிவிட்டால் கூட்டுப்பண்ணைகள் அதையே நடும். குழந்தைகளுக்குப் பால் வரும்.

இன்னொன்று. கோட்டுக்கும் நீ எழுதிய எண்ணுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். நாங்கள் அதை மிச்சம் என்போம். உன்னுடையதில் மிச்சம் அரை மில்லிலிட்டருக்கு மேல் போகவே இல்லை. பேராசிரியை ஒலவாரியா பார்த்துவிட்டு, "இதை யாரு பார்த்து எழுதுறாங்க? இயந்திரமா?" என்று கேட்டார். "என் மனைவி" என்றேன். அவர் தன் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு விஷயத்தை எனக்கும் சொன்னார். மிச்சத்தில் எந்த ஒழுங்கும் தெரியக் கூடாது. தெரிந்தால், நாம் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் கடைசியில் ஆய்வேட்டுத் தேர்வு. இன்னும் ஆறு சுற்று வேண்டும். கனேலா எப்படி இருக்கிறாள்? மூடியைச் சுற்றிப் புண் வராமல் பார்த்துக்கொள். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

எவேலியோ


கொன்சொலாசியோன்
பிப்ரவரி 14, 1993

எவேலியோ,

இன்று காதலர் தினமாம். சொராய்தா சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்து மேசையில் மண் பரிசோதனை செய்துகொண்டே, "உன் புருஷன் பூ அனுப்பலையா?" என்றாள். "நுண்ணுயிர் எத்தனை மணி நேரம் சும்மா இருக்குன்னு எழுதியிருக்கான், அதுதான் பூ" என்றேன்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோட்டைப் பற்றி முக்கால் பக்கம், மாட்டைப் பற்றி இரண்டு வரி, என்னைப் பற்றி மூன்று வார்த்தை. கனேலா நன்றாக இருக்கிறாள். அவளுக்கு வேறு கவலை இல்லை.

டிசம்பர்த் தாள்களை முன்பே அனுப்பிவிட்டேன். ஜனவரிச் சுற்றும் இந்த மாதச் சுற்றும் இதோடு வருகின்றன. சிரிஞ்சுகளைக் கழுவிக் கழுவிக் கோடுகள் மங்கிப் போய்விட்டன. அங்கே கிடைத்தால் புதிது நாலு யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஆய்வகத்து விளக்கும் முன்போல இல்லை, மின்னழுத்தம் குறைந்துவிட்டது. ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் பார்க்கிறேன்.

போன வாரம் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தேன். ஒன்றுமில்லை, முழங்கால் தோல் போனது. வெயில் கண்ணில் அடித்தது. இரண்டு நாளாகப் பாதம் மரத்து எரிகிறது. நாள் முழுக்க நின்றால் எரியாமல் என்ன செய்யும்? புகையிலைத் தோட்டத்தில் இரண்டு பேருக்குக் கண் மங்கிவிட்டதாம், கள்ளச் சாராயத்தால் வந்தது என்கிறார்கள். நான் சாராயத்தைத் தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும்.

அடுத்த கடிதத்தில் கோடு இல்லாமல் ஒரு பக்கமாவது எழுது.

நெரெய்தா


தெக்ஸ்கோகோ
மார்ச் 22, 1993

நெரெய்தா,

கோடு இல்லாமல் எழுதச் சொல்லியிருந்தாய். முடியவில்லை, கோபத்தில் எழுதுகிறேன்.

பிப்ரவரித் தாளை நீயே ஒருமுறை பார்த்தாயா? இருபத்தைந்து, முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து. எல்லா எண்ணும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிகிறது. வாயு ஐந்தைந்தாகவா வரும்? ஆய்வகத்துக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தான் இப்படி எழுதுவார்கள் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கோடு மங்கிவிட்டது என்கிறாய். அவை கண்ணாடியில் பொறித்த கோடுகள். நூறு வருடம் கழுவினாலும் போகாது.

அது போதாதென்று, கடைசிச் சுற்றில் கரும்புச் சோகை, சவுண்டல் மாதிரி வாயு விட்டிருக்கிறது; சவுண்டல், சோகை மாதிரி படுத்திருக்கிறது. சிவப்பு நாடாவையும் பச்சை நாடாவையும் மாற்றிக் கட்டியிருக்கிறாய். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. உனக்கு இந்த வேலையில் மனம் இல்லையென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, எண்களில் காட்டாதே.

தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு சுற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இனிமேல் சொராய்தா பார்த்து எழுதட்டும் என்று டாக்டர் அரிஸ்தீதெஸுக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வேறு வழியில்லை.

எவேலியோ


கொன்சொலாசியோன்
ஏப்ரல் 18, 1993

எவேலியோ,

எழுத்து பெரிதாக இருக்கிறது என்று பார்க்காதே. பென்சில் மொட்டை.

டாக்டர் அரிஸ்தீதெஸ் உன் கடிதத்தைத் தன் அறையில் வைத்துப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது, "நெரெய்தா, உன் புருஷனே உன்னை நம்ப மாட்டேங்கிறாரே, நான் என்ன பண்ண?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு எண்ணைக்கூட நான் எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் போய் நின்றேன். கனேலாவின் மேல் சத்தியம், வேறு யார் மேல் செய்வது என்று தெரியவில்லை.

இப்போது மாட்டுக் கொட்டகையில் இருக்கிறேன். சாறு எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. நீ அடுத்ததை சொராய்தாவுக்கே எழுது. வேலைக்கு அவள்தானே.

நெ.


தெக்ஸ்கோகோ
மே 16, 1993

நெரெய்தா,

சொராய்தா அனுப்பிய சுற்று வந்தது. எண்கள் நன்றாக இருக்கின்றன. உன் நவம்பர் எண்கள் அளவுக்கு இல்லை, ஆனால் கோடு நிற்கிறது. சவுண்டல் தேறிவிடும்.

நான் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. மேசையில் வைத்துப் படிப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரை நான் பார்த்துக்கொள்கிறேன், தேர்வு முடியட்டும். இங்கே பத்திரிகையில் நம் மாவட்டத்தைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள், ஏதோ கண் நோயாம். நமக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது வந்ததா?

பதில் போடு. திட்டியாவது போடு.

எவேலியோ


தெக்ஸ்கோகோ
ஜூன் 6, 1993

நெரெய்தா,

என் போன கடிதமே இப்போதுதான் உன் கைக்கு வந்திருக்கும். நீ பதில் போடமாட்டாய் என்றே நினைக்கிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று தேர்வுக்கு ஒத்திகை. பேராசிரியை ஒலவாரியா கேட்டார்: "ரெண்டு சுற்றை எடுத்துட்டீங்களே, ஏன்?" "பார்த்தவங்க கவனக்குறைவா எழுதிட்டாங்க" என்றேன். என் மனைவி என்று இந்தத் தடவை சொல்லவில்லை. அவர் விடவில்லை. "மிச்சத்தை மணிக் கணக்குல அடுக்கிப் பார்த்திருப்பீங்க. தேதிக் கணக்குல அடுக்கிப் பாருங்க" என்றார்.

அடுக்கினேன். நவம்பரில் எல்லாப் புள்ளியும் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் முதலில் கொஞ்சம் விலகுகிறது. கடைசி வாரத்தில் இன்னும் கொஞ்சம். ஜனவரியில் காலை வாசிப்புகள் சரியாக இருக்கின்றன, சாயங்கால வாசிப்புகள் கெட்டுப்போயிருக்கின்றன, வெளிச்சம் குறைந்த நேரம். பிப்ரவரியில் எல்லாமே ஐந்தும் பூஜ்யமும். கவனம் இல்லாதவர்கள் இப்படித் தப்புச் செய்யமாட்டார்கள். அவர்கள் தப்பு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சிதறிக் கிடக்கும். இது வாரத்துக்கு வாரம் படி இறங்குகிற மாதிரி இறங்கியிருக்கிறது.

மே மாதப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். நம் ஊர் நோயைப் பற்றி எழுதியிருக்கிறான். சாப்பாட்டில் சத்து இல்லாமல், சிகரெட்டும் சேர்ந்தால் வருகிறதாம். பாதம் எரியும். முதலில் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாமல் போகுமாம். அந்த வரியில் நின்றுவிட்டேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வரி மேல் வரி ஏறியிருக்கிறது. பென்சில் மொட்டை என்று எழுதியிருக்கிறாய். பென்சில் மொட்டையானால் வரி ஏறுமா? அதையும் நம்பினேன். எண்களைத்தான் நம்பவில்லை.

ஜனவரித் தாள் மார்ச் நடுவிலேயே என் கைக்கு வந்துவிட்டது. அதிலேயே எல்லாம் இருந்தது. சீக்கிரம் வைட்டமின் ஊசி போட்டால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று அதே பத்திரிகையில் இருக்கிறது. நீ பள்ளத்தில் விழுந்ததாக எழுதினாய், கால் எரிகிறது என்று எழுதினாய். நான் அதைத் தாண்டிப் போய் எண்ணைப் பார்த்தேன். எண்ணையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேர்வு இருபத்தெட்டாம் தேதி. வா என்று ஒரு வார்த்தை சொல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன். கண் டாக்டரிடம் போனாயா?

எவேலியோ


கொன்சொலாசியோன்
ஜூலை 11, 1993

எவேலியோ,

நான் சொல்லச் சொல்ல சொராய்தா எழுதுகிறாள். தன் பங்குக்கு எதுவும் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: நீ ஒரு கழுதை. சொ.)

வா என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய். உன் கடிதம் வரவே ஒரு மாதம். என் வார்த்தை அங்கே வரும்போது உன் தேர்வு முடிந்து மாலை வாடியிருக்கும். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாய். போகட்டும், கேட்டாயே.

கண் டாக்டரிடம் ஏப்ரல் கடைசியில் போனேன். சொராய்தாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஒரு புத்தகத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்றார். கலர் புள்ளிகளுக்குள் எண் இருக்குமாம். எனக்கு மண் நிறத்தில் ஒரு வட்டம்தான் தெரிந்தது. "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார். தினமும் ஊசி போட்டார்கள். மே மாதம் மஞ்சள் வைட்டமின் மாத்திரை ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். கால் எரிச்சல் போய்விட்டது. கண்ணில் ஓரப் பார்வை தங்கிவிட்டது. நடுப் பார்வை திரும்பவில்லை. இனி திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உனக்காகத் தியாகம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு அழாதே, அப்படி ஒன்றும் இல்லை. எனக்குத் திமிர். பதினோரு வருடத்தில் யாரும் என் எண்ணைத் திரும்பச் சரிபார்த்ததில்லை. கண் போகிறது என்று சொன்னால் அன்றைக்கே சிரிஞ்சைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். இயந்திரமா என்று கேட்டாராமே உன் பேராசிரியை, அந்த வரியை நான் நாற்பது முறை படித்திருப்பேன். அதை இழக்க எனக்கு மனசில்லை. கடைசியில் எல்லோரும் பார்க்கப் பிடுங்கினார்கள்.

ஐந்தும் பூஜ்யமும் எப்படி வந்தது என்று இப்போது சொல்கிறேன். நீ சொன்னது சரி, பொறித்த கோடுகள் அழியாது. கண்ணுக்குத் தெரியாமல் போனபோது நகத்தால் தடவினேன். பெரிய கோடுகள் நீளம், நகத்துக்கு அகப்பட்டன. அவை ஐந்துக்கு ஒன்று. நடுவில் இருக்கும் சின்னக் கோடுகள் அகப்படவில்லை. தண்டு எந்தப் பெரிய கோட்டுக்குக் கிட்டே நிற்கிறது என்று தடவிப் பார்த்து எழுதினேன். தொட்டி சூட்டை முழங்கையை வைத்துப் பார்த்தேன். நாடாவின் நிறத்துக்கு மட்டும் நகத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தேர்வு முடிந்திருந்தாலும், நீக்கிய அந்த இரண்டு சுற்றையும் ஆய்வேட்டில் திரும்பச் சேர். நாடா மாறியதை மாற்றி எழுதிக்கொள். மற்றதற்கு இரண்டரை மில்லிலிட்டர் வரை பிழை இருக்கலாம் என்று போடு. அது உண்மை. பார்க்காமல் எழுதியது என்று மட்டும் எங்கேயும் இருக்கக் கூடாது.

நான் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறேன். காலையில் கனேலாவின் விலாவில் கை விடுவதற்குக் கண் வேண்டாம். உள்ளே சூடாக இருக்கிறது, இரைப்பை மெதுவாகச் சுருங்கிக் கையை அழுத்துகிறது. அங்கே நான் செய்வதில் ஒரு தப்பும் இல்லை. டாக்டர் அரிஸ்தீதெஸ் இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாராம். எனக்குத் தெரியவில்லை, சொராய்தா சொன்னாள்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. நீ டாக்டர் அரிஸ்தீதெஸுக்குக் கடிதம் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. உனக்கு என்ன ஆச்சு என்று.

டிசம்பரில் வருவாயா, வரமாட்டாயா, நீயே முடிவு செய். வந்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். எதையாவது நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் எனக்குச் சாம்பல் நிறத்தில் ஓட்டைதான் இருக்கிறது. சுவர் தெரிகிறது, கதவு தெரிகிறது, நடுவில் நிற்கிறவர் முகம் இல்லை. அதனால் வாசலில் வந்து என் எதிரே நிற்காதே. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நில். நான் வேறு எங்கோ பார்ப்பது போல இருக்கும். அப்போதுதான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நெரெய்தா